மழைக்குக் கட்டிய தார்ப்பாய்

எங்கள் அத்தை கட்டிய கயிறு அவிழ்ந்தது என்று நாயுடுபுரத்தில் யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு தடவை அவிழ்ந்தது. அன்றைக்கும் அது தானாக அவிழவில்லை, அவிழ்த்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாதது உலகத்தில் கொஞ்சம்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தாள். அப்பாவிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. அதன் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கான்கிரீட் கலவை மிஷின் ஒன்றும் இருந்தது. கொடைக்கானலில் எந்தச் சரிவில் வீடு எழும்பினாலும், எந்த லாட்ஜுக்கு இன்னொரு மாடி ஏற்றினாலும் எங்கள் மிஷின் அங்கே போய் நின்று கடகடவென்று சுற்றும். வண்டி ஓட்டுவதும் மிஷினை ஓட்டுவதும் அப்பா. சிமெண்ட் மூட்டை, சாரக் கம்பு, தகரம், சட்டி, மண்வெட்டி என்று வண்டியில் ஏற்றியதை எல்லாம் கட்டுவது அத்தை. அப்பாவுக்கு அந்த வேலை கைவராது. அவர் கட்டினால் பெருமாள்மலை போவதற்குள் கயிறு ஒரு பக்கம், சாமான் ஒரு பக்கம் கிடக்கும். அதை அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்.

பின்னால் மிஷின் தொங்கும்போது வண்டியில் பாரம் கட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கனமான சாமான் எல்லாம் டிரைவர் முதுகை ஒட்டி முன்பக்கம் இருக்க வேண்டும். எதுவும் பின்பலகையைத் தாண்டி நீட்டக் கூடாது, கொண்டை ஊசி வளைவில் மிஷின் திரும்பும்போது முட்டிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒன்றும் கீழே விழக் கூடாது. வெறும் வண்டி என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். மிஷினோடு போகும்போது சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருவது வந்து இடிக்கும். ஏற்றத்தில் நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்ப முடியாது, இரண்டும் சேர்ந்து பின்னால் உருளும். சமதளம் வரும்வரை விழுந்ததைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

அதனால் அத்தையின் முடிச்சுக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை இருந்தது. பாரம் ஆட ஆட அது இறுகுமே தவிர நெகிழாது. ஆனால் ஓரத்தில் ஒரு வால் விட்டிருப்பாள். அதைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் மொத்த முடிச்சும் ஒரே இழுப்பில் வந்துவிடும். வேலை நடக்கும் இடத்துக்குப் போனதும் அந்த வாலைச் சுண்டுவது என் உரிமை. வேறு யாராவது தொட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

அத்தைக்குப் பாச்சலூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தார். காபியும் மிளகும் உள்ள குடும்பம். அப்பா மனசு நிறையச் சீர் செய்தார். பீரோ, கட்டில், மெத்தை, கிரைண்டர், குத்துவிளக்கு, பித்தளைக் குடம், அதற்கு மேல் எவர்சில்வர் பாத்திரங்கள் ஒரு சாக்கு நிறைய. அண்டா முதல் டம்ளர் வரை எல்லாவற்றிலும் அத்தையின் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது. பாத்திரக்கடையில் அந்தச் சின்ன மிஷின் டர்ரென்று ஓடி எழுத்து எழுத்தாக விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எத்தனை வருஷம் தேய்த்தாலும் போகாது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

கல்யாணத்துக்கு மறுநாள் சீர் கிளம்பியது. வண்டியில் சாமான், பின்னால் மிஷின். தாண்டிக்குடியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட வேண்டியிருந்ததால் ஒரே பயணத்தில் இரண்டு சோலியும் முடியட்டும் என்று அப்பா மிஷினையும் மாட்டிக்கொண்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் காரில் வந்தார்கள். மிஷினைத் தாண்டிக்குடியில் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது தூறல் விழுந்ததால் சாமான்மேல் தார்ப்பாய் போட்டு, அதன் மேல் கயிறு கட்டினார்கள். மாப்பிள்ளை ஊர் எல்லைக்கு வந்ததும் என் மாமா, அம்மாவின் தம்பி, வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"மூடிக்கிட்டுப் போனா சீருன்னு எவனுக்குத் தெரியும் மச்சான்? சிமெண்டு மூட்டைன்னு நெனைப்பான். அவுத்து விடுங்க."

கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயைச் சுருட்டி, அவரே வெற்றி வீரர் மாதிரி பலகைமேல் ஏறி நின்றுகொண்டார். வெயில் பட்டுக் குடமும் விளக்கும் பளபளத்தன. வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டி கிளம்பப்போகும் சமயம், காரிலிருந்து அத்தை இறங்கி வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ. மாமாவைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, வெறும் சாமான்மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு நாலு முடிச்சுப் போட்டாள். அப்புறம் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். புதுப்பெண் பாரம் கட்டியதைப் பார்த்த அந்த ஊர்ப் பெண்கள் வாயில் கைவைத்துச் சிரித்தார்கள். சீரை எதிர்கொள்ள வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு அந்த நாளில் மனசில் நின்றது ஒன்றுதான். ஊர் வந்ததும் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அத்தை மறுபடி கயிறு கட்டியதை அவளுடைய வழக்கமான பிடிவாதத்தில் சேர்த்துவிட்டேன்.

பதினோரு மாதம் கழித்து அதே வண்டி அதே சாமானைத் திரும்ப எடுத்துவரப் போனது.

அத்தை ஏன் திரும்பி வந்தாள் என்று அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை. பின்னால் தெரிந்துகொண்டதை நானும் இங்கே சொல்லப்போவதில்லை, அது அவளுடைய சொந்த விஷயம். அத்தை இனிமேல் நம்மோடு இருப்பாள் என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள். நான் வீடு முழுக்கத் துள்ளிக் குதித்தேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா நாலைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய கவலை எல்லாம் மூஞ்சிக்கல் கடைவீதியைப் பற்றியது. எங்கள் வீட்டுக்கு வர அந்த வழியை விட்டால் வேறு வழி கிடையாது. போன வருஷம் ஊரே பார்க்கப் போன சீர் இப்போது திரும்பி வருவதைக் கடைவீதி பார்க்கக் கூடாது, தங்கையை நிறுத்தி வைத்து யாரும் ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாது. அவள் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்று நினைத்தார். அதற்காகவே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். மத்தியானம் ஜும்மா நேரத்தில் பாய்மார் கடையெல்லாம் பூட்டிக் கிடக்கும், மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டாள். பிள்ளை பக்கத்தில் இருந்தால் அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள் என்பது அவளுடைய யோசனை. எனக்குக் கிடைத்த கௌரவம் என்று நான் நினைத்தேன். காய்ச்சல்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தவள், நாயுடுபுரத்தைத் தாண்டியதும் ஜன்னலைத் திறந்து பாட ஆரம்பித்தேன்.

வெள்ளனே கிளம்பினோம். பின்னால் மிஷினும் வந்தது. மூஞ்சிக்கல் டீக்கடையில் ஒருவர் எங்கே பயணம் என்று கேட்டார். "தாண்டிக்குடியில கான்கிரீட்டு" என்றார் அப்பா. பெருமாள்மலையில் ஒருவர் கேட்டார், பண்ணைக்காட்டில் இரண்டு பேர் கேட்டார்கள். எல்லோருக்கும் அதே பதில். தாண்டிக்குடி வந்ததும் தெரிந்தவர் ஒருவருடைய மரக்கடை வாசலில் மிஷினைக் கழற்றி, சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்து நிறுத்தினார். கொத்தனார் ஆட்கள் யாரையும் காணவில்லை. பின்னால் வருவார்கள் போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் எனக்கு இரண்டு மலை வாழைப்பழம் கொடுத்து வாசல் படியில் உட்கார வைத்தார்கள். அம்மாவின் யோசனை பலித்தது. யாரும் சத்தம் போடவில்லை. பேசவே இல்லை. அப்பா பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்கினார், இன்னொரு பக்கத்தை அத்தை தூக்கினாள். பீரோவை முன்பக்கம் மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணாடிக்கு மேல் மெத்தையைப் போட்டு, கட்டிலைக் கழற்றி ஓரத்தில் செருகி, கிரைண்டருக்குப் பக்கத்தில் பாத்திரச் சாக்கை நிறுத்தினாள். இளைத்திருந்தாள். ஆனால் கயிற்றைப் பிடித்ததும் பழைய அத்தை ஆகிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா கடைசியாகக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதை அத்தை தன் பழைய சேலை ஒன்றில் சுற்றி மெத்தைக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு அப்பா தார்ப்பாயை விரித்தார். நாலு மூலையும் இறங்க மூடி, மேலே கயிறு போட்டு அத்தை முடிச்சுப் போட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எறும்புக்குக்கூடத் தெரியாது.

"எதுக்குப்பா மூடுறீங்க? வெயிலுதான அடிக்குது" என்று கேட்டேன்.

"மேல போகப் போக மழை வரும் பாப்பா" என்றார் அப்பா.

அவர் சொன்ன அந்தச் சின்னப் பொய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பிற்பாடு நான் எனக்குள் வாதாடியதுண்டு.

தாண்டிக்குடியில் மிஷினை மாட்டிக்கொண்டு ஏறினோம். அத்தை எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பின்கண்ணாடி வழியாக ஒரு தடவை பாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெரசாப் போனா ஜும்மா முடியுறதுக்குள்ள மூஞ்சிக்கல்லத் தாண்டிரலாம்" என்று அத்தையிடம் மெதுவாகச் சொன்னார். அத்தை தலையை ஆட்டினாள்.

நான் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மழை வரவேண்டுமே, ஒரு பொட்டு மேகத்தைக்கூடக் காணோம். பெருமாள்மலை தாண்டியும் பளிச்சென்று நீலமாகக் கிடந்தது. அப்பா பாவம், வானத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார் என்று முடிவு செய்தேன்.

வெள்ளி அருவி வளைவில் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. உண்மையில் அங்கே சுட்டு விற்கிற சோளத்தின் வாசனைதான் வயிற்றைக் கிள்ளியது, ஆனால் வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரமாகச் சமதளம் பார்த்து நிறுத்தினார். வண்டியும் சூடேறியிருந்தது. அவர் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். அத்தை முகம் கழுவ அருவிப் பக்கம் போனாள். போனவள் கழுவிக்கொண்டே இருந்தாள். முகம் கழுவ இவ்வளவு நேரமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் வண்டியின் பின்பக்கம் போனேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். மழையும் இல்லை. போன தடவை மாமா செய்ததை இந்தத் தடவை யாரும் செய்யக் காணோம். மாமா இல்லாததால் எல்லோரும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அத்தை ஊருக்குள் வரும்போது மூடிக்கொண்டா வருவது? மிஷினின் இழுவைக் கம்பியில் ஏறி நின்று ஒவ்வொரு வாலாகச் சுண்டினேன். நாலும் சொன்ன பேச்சுக் கேட்டு வந்துவிட்டன. கயிற்றைச் சுருட்டி ஒரு மூலையில் வைத்தேன். தார்ப்பாய் கனமாக இருந்தது. பாதிவரை உருட்டி, முன்பக்கம் செருகிவிட்டுக் குதித்தேன். குடத்தின் கழுத்து வெயிலில் மின்னியது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்குள் போனதும் இருவரும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

அப்பா அவசரமாக முன்பக்கமாகவே வந்து தண்ணீர் ஊற்றிவிட்டு ஏறினார். அத்தை கண் சிவந்து, பாரத்தைத் திரும்பிப் பார்க்காமல் குனிந்தபடியே வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒரு சோளம் வாங்கி வந்திருந்தாள்.

செண்பகனூர் ஏற்றத்தில்தான் முதல் சத்தம் கேட்டது. டிங் என்று, கோயில் மணியை ஒரு தடவை சுண்டினது மாதிரி. அப்பா பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். நான் பின்கண்ணாடியைப் பார்த்தேன். கட்டில்லாத தார்ப்பாய் காற்றைக் குடித்துப் பெரிதாக எழும்பி, ஒரு உதறு உதறிக்கொண்டு பறந்துபோய்க் கலவை மிஷின்மேல் விழுந்தது. மூட வேண்டிய சாமான் எல்லாம் திறந்து கிடக்க, மூட வேண்டாத மிஷின் போர்த்திக்கொண்டு வந்தது. ஏற்றத்தில் பாரம் பின்பக்கமாகச் சரிந்து, பாத்திரச் சாக்கு பலகைமேல் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டது. டம்ளர் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, இழுவைக் கம்பியில் ஒரு டிங், ரோட்டில் ஒரு டிங் என்று குதித்து, வந்த வழியே உருண்டு ஓடின.

"அய்யய்யோ, அண்ணே" என்றாள் அத்தை.

அப்பாவால் நிறுத்த முடியாது. ஏற்றம், பின்னால் மிஷின். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரில் ஏறிக்கொண்டே இருந்தார். சாமான் நழுவாமல் இருக்க வண்டியை அதிராமல் கொண்டுபோனார். அடுத்த சமதளம் எங்கே என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மூஞ்சிக்கல் கடைவீதியின் நடுமத்தி.

போய் நின்றபோது ஜும்மா முடிந்து எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். கடைகளின் ஷட்டர் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி அவர்களுக்கு நடுவில் கட்டில், மெத்தை, பீரோவோடு நின்றது. என் கையிலிருந்த சோளத்தை அதற்கு மேல் என்னால் மெல்ல முடியவில்லை. போன வருஷம் அந்த ஊரில் எட்டிப் பார்த்த முகங்கள் மாதிரி இவை இல்லை. யாரும் சிரிக்கவில்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் ரோட்டில் பொறுக்கிய டம்ளர்களைக் கொண்டுவந்தார்கள். எடுத்தவர்கள் எல்லோரும் அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார்கள், படித்துவிட்டு வண்டிக்குள் பார்த்தார்கள். காய்கறி விற்கிற அக்கா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள்.

"என்னாடி இது, போன சீரெல்லாம் திரும்பி வருது?"

கடைவீதி முழுக்க அந்தப் பதிலுக்காக நின்றது. அப்பா பயந்த கேள்வி அதுதான். அத்தை என் கையை விட்டாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஆமாக்கா, வருது. நானும் வந்துட்டேன். அந்தச் சொம்பக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

அந்த அக்கா குனிந்து, காலடியில் உருண்டு கிடந்த சொம்பை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். பலசரக்குக் கடை பாய், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, உருண்டு வந்த ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தார். சீரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"நல்லா இருக்கியாம்மா? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. தூரத்துலருந்து வர்றீங்க. ஒரு சோடா குடிக்கிறியா?"

"கட்டிட்டுக் குடிக்கிறேன் பாய்" என்றாள் அத்தை.

துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு வண்டிமேல் ஏறினாள். அதற்குப் பிறகு அந்தக் கடைவீதி அவள் சொன்னபடி ஆடியது. ஒரு ஆட்டோக்காரரைச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னாள். இன்னொருவரை மெத்தையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். "ஏலே, அந்தக் கட்டில் காலை உள்ள தள்ளு, பின்னால மிஷின் கெடக்குல்ல, வளைவுல முட்டும்" என்று யாரோ ஒரு பையனை அதட்டினாள். சாக்கின் வாயைக் கட்டினாள், குடத்தைக் கவிழ்த்துச் செருகினாள், கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வீசினாள். அவள் இழுத்த இழுப்பில் வண்டியே ஒரு ஆட்டம் ஆடியது. சற்று முன்பு அவளைப் பரிதாபமாகப் பார்த்தவர்கள் எல்லாம் கயிறு பிடிக்கப் போட்டி போட்டுக்கொண்டு நின்றார்கள்.

கட்டுவதற்கு முன்னால், மூலையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றின் நுனியைக் கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சோளத்தைப் பார்த்தேன்.

"நீ கட்டி அவுந்துருச்சா?" என்று அப்பா கேட்டார். அவரால் நம்ப முடியவில்லை.

"நாந்தாண்ணே அவசரத்துல சரியாக் கட்டல" என்றாள்.

நல்லவேளை, அத்தைக்குத் தெரியவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அப்பா மிஷின்மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தார். "போத்திருவோம். மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார். வெயில் அவர் நெற்றியில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"மழை எங்கண்ணே இருக்கு?" என்றாள் அத்தை. "மடிச்சு உள்ள போடுங்க. காத்தாடக் கெடக்கட்டும்."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு தார்ப்பாயை மடித்தார். அத்தை பாய் கொடுத்த சோடாவில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை எனக்குக் கொடுத்தாள். அங்கிருந்து நாயுடுபுரம் வரை குடமும் மெத்தையும் தெரியத் தெரியத்தான் போனோம். அத்தை ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். நான் சொன்னதுதான் சரி, அப்பாவுக்குத்தான் விவரம் பத்தவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. மிஷின் ஒரு வேலைக்குப் போய்வந்தால் மறுநாள் காலை அதன் டிரம்மைக் கழுவுவது என் பொறுப்பு. வேலை முடிந்த இடத்திலேயே அப்பா அலசிவிடுவார், ஓரத்தில் ஒட்டியிருக்கும் மிச்ச சிமெண்டை நான் தேங்காய் நாரால் தேய்த்து, தண்ணீர் அடிக்க வேண்டும். எனக்கு உலகத்தில் பிடிக்காத வேலை அது. முனகிக்கொண்டே வாளியோடு போனேன். அப்பா வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். "அது வேணாம் பாப்பா, விடு" என்றார் அங்கிருந்தே.

நம்பாமல் டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். காய்ந்து சுத்தமாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நான் தேய்த்துவிட்டு உள்ளேயே மறந்துவிட்ட தேங்காய் நார் அப்படியே கிடந்தது. அதன் பக்கத்தில் அத்தையின் பெயர் போட்ட டம்ளர் ஒன்று. தார்ப்பாய் வந்து மூடும் முன்னால், முதல் டிங்கிலேயே ரோட்டுக்குப் போகாமல் இதற்குள் வந்து விழுந்திருக்கிறது. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அத்தை அதைக் கழுவி, அதிலேயே காபி ஊற்றிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். நானும் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். வேலை மிச்சமான சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"மிஷினக் கழுவ வேணாமாம் அத்தை. அது ஓடவே இல்ல. நான் வச்ச நாரு அப்படியே கெடக்கு. அப்பா சும்மாவே இழுத்துட்டுப் போயி, சும்மாவே இழுத்துட்டு வந்திருக்காரு."

அத்தை டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். "தாண்டிக்குடியில வேலைன்னாரே?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆளே வரல. ரோட்டுல கேக்குறவுங்ககிட்ட மட்டும் கான்கிரீட்டு, கான்கிரீட்டுன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு."

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேற்றுக் கடைவீதியில் அத்தனை பேர் முன்னால் கலங்காத கண் அப்போது நிரம்பி, டம்ளரைப் பிடித்திருந்த கைமேல் சொட்டியது.

காபி சூடு போலிருக்கிறது என்று நினைத்து, டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி நான் ஊத ஆரம்பித்தேன்.